கயிறு இறுகினால் நில்லுங்கள்!

ராசிபுரத்தில் எங்கள் வீதியில் அதிகாலை நடைப்பயிற்சிக்குச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் உடலைப் பின்னால் சாய்த்து, இரு கைகளாலும் சங்கிலியைப் பற்றியபடி, வடம் பூட்டிய தேரைப்போல அசைந்து அசைந்து வருவார். முன்னே அவருடைய லாப்ரடார் நாய் நாக்கைத் தொங்கவிட்டு, மூச்சிரைக்க அவரை இழுத்துச் செல்லும். யார் யாரை நடத்திச் செல்கிறார்கள் என்று எதிரே வருவோர் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். சென்ற ஆண்டு ஜூலை மாதம் பத்து வார வயதுடைய நாய்க்குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

குட்டி வந்த அடுத்த மாதம் நாடெங்கும் நாய்களைப் பற்றியே பேச்சு. தில்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்டது. பதினொரு நாள்களில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விதிவிலக்கு. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்ற ஆணை வந்தது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாகியுள்ள நிலையில் இந்த விவாதம் எழுந்ததில் வியப்பில்லை.

எனினும் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்டபோது ஒரு குறை எனக்குத் தென்பட்டது. நம் வீட்டு வாயிலுக்கு உள்ளே இருக்கும் நாயைப் பற்றி எவரும் பேசவில்லை. தெருநாயை என்ன செய்வது என்பது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய கேள்வி. வீட்டு நாயை என்ன செய்வது என்பது நம்முடைய கேள்வி. ஆசையுடன் வாங்கிய குட்டி ஆறு மாதத்தில் வளர்ந்து, கயிற்றைப் பிடித்தால் ஆளையே சாய்த்துவிடும் வலிமையை அடைகிறது. வெளியே கொண்டுபோக முடியாததால் அது வாயிலருகே கட்டப்படுகிறது. கட்டப்பட்டதால் குரைக்கிறது, சீறுகிறது. சீறுவதால் இன்னும் கட்டப்படுகிறது. சிலர் ஒருநாள் இரவில் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்போது அது தெருநாயாகிவிடுகிறது. நாய்க்குட்டியைக் கயிற்றில் நடக்கப் பழக்குவது பொழுதுபோக்கு போலத் தோன்றும். ஆனால் அந்த நாயின் எஞ்சிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில் அந்தக் கயிற்றின் முனையில்தான் முடிவாகிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. கல்லூரிப் பணியில் இருந்த நாள்கள் அவை. சந்தையில் வாங்கிய இரும்புச் சங்கிலியில் அதை வாயிலருகே ஒரு தூணில் கட்டினேன். ஆறடிச் சங்கிலி, அந்த ஆறடி வட்டத்துக்குள் ஒன்பது ஆண்டுகள். தொடக்கத்தில் இரண்டொரு முறை வெளியே அழைத்துச் சென்றேன். அது இழுத்தது, நான் அதட்டினேன், கை வலித்தது, விட்டுவிட்டேன். 'காவலுக்குக் கெட்டி' என்று விருந்தினரிடம் பெருமை பேசியதும் உண்டு.

2011-ஆம் ஆண்டு ஒரு காலையில் துருப்பிடித்த கொக்கி விட்டுப்போக, பால் ஊற்ற வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தொடையை மணி கவ்விவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும் என்பதைக்கூட அன்று நான் அறிந்திருக்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினோம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் ஒரு மாதத்துக்குள் பல முறை போக வேண்டியிருந்தது. விசைத்தறிக் கூலியான அவனுடைய தாய் ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழந்தார். நான் பணம் கொடுத்தேன். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். மறு மாதத்திலிருந்து பால் ஊற்ற வேறொருவர் வந்தார். ஒருவர் செய்யும் செயலின் செலவு அதில் தொடர்பே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் 'புறவிளைவு' என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தேன். சாயப்பட்டறைக் கழிவைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். என் வாயிற்படியில் நிகழ்ந்ததைச் சொன்னதில்லை. மணி அடுத்த ஆண்டு இறந்தது, அதே தூணருகில்.

நான் மணிக்குச் செய்தது சட்டப்படியும் குற்றம் என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதைக் கொடுமை என்கிறது. அடுத்த உட்பிரிவு நாய்க்கென்றே எழுதப்பட்டது: வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் அளிக்காமல் விடுவதும் குற்றமே. நாயை நடத்திச் செல்வது உரிமையாளரின் விருப்பமன்று, கடமை என்று அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம் நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. தண்டனைதான் வேடிக்கை. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் ஐம்பது ரூபாய் ஒரு தொகை. இன்று ராசிபுரம் பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் தேநீரும் வடையும் சாப்பிடலாம். மாறாக, நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதச் சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நாயைக் கெடுப்பதற்கு ஐம்பது ரூபாய். கெட்ட நாய் கடித்தால் ஐயாயிரம். நோய்க்கான காரணத்தை மலிவாகவும் விளைவை விலையுயர்ந்ததாகவும் வைத்தால் மக்கள் எதைச் செய்வார்கள் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

பொட்டு எங்கள் வீதியின் கோடியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மணல் மேட்டில் பிறந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சேலத்திலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள்வயிற்றுப் பேத்தி அதைத் தூக்கி வந்து, 'அப்புச்சி, இதைக் கட்டி மட்டும் போடக்கூடாது, சரியா?' என்றாள். மணியின் கதையை அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறாள் போலும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குட்டியைக் கொண்டுசென்றேன். 1985-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியைக் கோழிப்பண்ணையாளர்களும் கறவை மாடு வைத்திருப்போரும் அறிவர்; இப்போது வளாகத்தில் நாய் பூனைகளுடன் காத்திருப்போரும் கணிசம். இளம் மருத்துவர் ஒருவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றின. தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது ஏறத்தாழ நான்கு மாத வயதுவரை, குட்டியைத் தெருவில் இறக்கி நடத்தக்கூடாது; பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிருடன் கிடக்கும். ஆனால் குட்டி உலகத்தைப் பார்க்க வேண்டிய பருவமும் இதுவே. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட முடிவு, மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி எதைப் பழகுகிறதோ அதற்கு அது பின்னாளில் அஞ்சுவதில்லை என்பது. மனிதர், வண்டி, ஒலி, குழந்தை எதையும் அப்பருவத்தில் காணாமல் கொட்டடியில் வளர்ந்த நாய் வாழ்நாள் முழுவதும் மிரளும். மிரளும் நாய்தான் கடிக்கும்.

தீர்வு எளிது. வெளியுலகைக் காட்டக் குட்டியைத் தூக்கிச் செல்லுங்கள். நடக்கப் பழக்குவதை வீட்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் செய்யுங்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டு அதில் பொட்டுவைச் சுமந்துகொண்டு மாலைதோறும் சேலம் சாலையோரம் நின்றேன். முட்டை லாரியின் காற்று ஹாரன், மணல் டிப்பர், பள்ளிப் பேருந்து என எல்லாவற்றையும் அது என் தோளிலிருந்து பார்த்தது. முதல் நாள் நடுங்கியது. பத்தாம் நாள் ஹாரன் ஒலித்தால் என் சட்டைப்பையைப் பார்த்தது. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு துணுக்கு அவித்த முட்டை கிடைத்ததே காரணம்.

கருவிகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புச் சங்கிலி வேண்டாம்; குட்டிக்கு அதன் எடையே தண்டனை. இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சுருக்குச் சங்கிலியும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குக் கேடு. இரண்டு விரல் நுழையும் இடைவெளியுடன் ஒரு துணிக் கழுத்துப்பட்டை, அல்லது மார்பைச் சுற்றிவரும் ஹார்னஸ், ஐந்தாறு அடி நீளமுள்ள நாடாக் கயிறு. தேங்காய் நார்க்கயிறு நாயின் கழுத்தையும் நம் உள்ளங்கையையும் ஒருசேர அறுக்கும்.

முதல் மூன்று நாள் கழுத்துப்பட்டையை மட்டும் அணிவித்தோம். சாப்பிடும் நேரத்தில் போட்டு, சாப்பிட்டு முடித்துச் சற்று விளையாடிய பின் கழற்றினோம். சொறிந்தது, உருண்டது, மறந்தது. பிறகு கயிற்றை மாட்டி, அதன் மறுமுனையை யாரும் பிடிக்காமல், நம் கண்பார்வையில் தரையில் இழுபட விட்டோம். கயிறு தன் வாலைப்போல் பின்தொடரும் ஒன்று, அஞ்சத் தக்கதன்று என்று அது முடிவு செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அதன் பின்னரே மறுமுனை என் கைக்கு வந்தது. அப்போதும் நான் இழுக்கவில்லை. ஓரடி நகர்ந்து, முழங்காலைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்தேன். அருகே வந்ததும், என் இடக்காலை ஒட்டிய இடத்தில், முட்டைத் துணுக்கு. கை நீட்டிக் கொடுக்காமல் காலருகிலேயே கொடுப்பது முக்கியம். கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் தொழிலாளி நிற்பார்.

கூலியைப் பற்றி நாமக்கல் மாவட்டத்துக்காரன் சற்று விரிவாகப் பேச உரிமை உண்டு. பண்ணைக் கொள்முதல் விலை நாள்தோறும் செய்தியாகும் பகுதி இது. சென்ற ஆண்டு இறுதியில் அது ஆறு ரூபாயைத் தாண்டியது பரபரப்பானது. ஓர் அவித்த முட்டையை உப்பில்லாமல் சுண்டல் கடலையளவாக நறுக்கினால் நாற்பது துணுக்குகள் தேறும். நாற்பது ஊதியங்கள் ஒரு முட்டை விலையில்! ஆனால் அந்த நாற்பதும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஒரு பொருளை அடுத்தடுத்து நுகரும்போது ஒவ்வோர் அலகும் தரும் நிறைவு குறைந்துகொண்டே போகும் என்று ஜெர்மானியரான காசன் 1854-இல் எழுதினார். பொட்டுவிடம் அதை நேரில் கண்டேன். சோற்றுக்கு முன் பழக்கினால் முட்டைக்காக நடனமே ஆடும். சோற்றுக்குப் பின் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆகவே பயிற்சி உணவுக்கு முன், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல், நாளுக்கு மூன்று முறை. குட்டியின் கவனம் அவ்வளவுதான் நிற்கும். வகுப்பில் ஐம்பது நிமிடம் பேசிப் பழகிய எனக்கு இது கடினமாக இருந்தது.

ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட 'தேசங்களின் செல்வம்' நூலில், பண்டமாற்று மனிதனுக்கே உரிய இயல்பு என்பதை விளக்க நாயைத்தான் எடுத்துக்காட்டினார். நாய்கள் தமக்குள் எலும்பை மாற்றிக்கொள்வதில்லை என்பது அவர் வாதம். நாய்க்கும் நாய்க்கும் இடையில் அது சரியாக இருக்கலாம். நாய்க்கும் மனிதனுக்கும் இடையில் பேரம் மிக நன்றாகவே நடக்கிறது. மொட்டைமாடியில் ஒரு வாரம் நின்றிருந்தால் ஸ்மித் அந்தப் பத்தியைச் சற்று மாற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். நாய் ஏன் இழுக்கிறது? முரட்டுத்தனம், தலைமை தாங்கும் ஆசை, இனத்தின் குணம் என்று பலவாறு சொல்வர். உண்மை அவ்வளவு சிக்கலானதன்று. நம்முடைய இயல்பான நடை நாய்க்கு மிக மெதுவானது. அதன் மூக்குக்கு முன்னால் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அது முன்னே பாய்கிறது, கயிறு இறுகுகிறது, நாம் இரண்டடி பின்தொடர்கிறோம். மின்கம்பம் கிட்டிவிட்டது. கயிறு இறுகினால் வேண்டிய இடம் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது. கற்பித்தவர் நாம். எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டுகளில் வைத்து ஆராய்ந்து சொன்னது இதையே: நிறைவான விளைவைத் தரும் செயல் திரும்பத் திரும்ப நிகழும். நாம் வாயால் 'இழுக்காதே' என்று அதட்டுகிறோம். காலால் அதற்குக் கூலி கொடுக்கிறோம். நாய் காலைத்தான் நம்பும்.

எனவே மருந்தும் அந்த இடத்திலேயே இருக்கிறது. கயிறு இறுகிய கணம் நில்லுங்கள். பின்னால் இழுக்க வேண்டாம், திட்ட வேண்டாம், மரம்போல் நில்லுங்கள். குட்டி இழுக்கும், திரும்பிப் பார்க்கும், ஒருவேளை உட்காரும். கயிறு தளர்ந்த அந்த நொடியில் 'சபாஷ்' என்று சொல்லி நடையைத் தொடருங்கள். நடப்பதே அதற்குப் பரிசு. காலருகே வந்தால் முட்டை கூடுதல். சில நேரம் அப்படியே எதிர்த்திசையில் திரும்பி நடங்கள். நம்மைக் கவனித்தால்தான் வழி தெரியும் என்று அது புரிந்துகொள்ளும். முதல் வாரம் எங்கள் வாயிலிலிருந்து நான்காவது வீட்டை அடைய எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. எதிர்வீட்டு அம்மையார் என் உடல்நலம் பற்றி என் மனைவியிடம் கவலையுடன் விசாரித்தார்.

இதில் தோற்பவர்கள் தோற்பது ஓரிடத்தில்தான். ஒன்பது முறை நிற்கிறார்கள். பத்தாவது முறை அவசரம், மழை, கைப்பேசி அழைப்பு, 'இன்று ஒருநாள் போகட்டும்' என்று பின்தொடர்ந்துவிடுகிறார்கள். ஒன்பது முறை செய்ததில் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்று தோன்றும். நேர்மாறு. எப்போதாவது ஒருமுறை மட்டும் பலன் தரும் செயலைத்தான் உயிர்கள் எளிதில் கைவிடுவதில்லை என்று பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களிடமும் எலிகளிடமும் காட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்குபவர் ஒவ்வொரு வாரமும் தோற்றும் வாங்குவது அதனால்தான். பத்தில் ஒருமுறை இழுப்புக்கு இணங்குபவர் தம் நாய்க்கு லாட்டரிச் சீட்டு விற்கிறார்.

இதே சிக்கலை அரசுகளின் கொள்கையில் ஆராய்ந்த கிட்லண்ட், பிரெஸ்காட் என்னும் இரு பொருளியலாளர்கள் 1977-இல் ஒரு கட்டுரை எழுதினர். 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தந்த நேரத்துக்கு எது நல்லது என்று தோன்றுகிறதோ அதைச் செய்யும் அரசைவிட, அறிவித்த விதியில் நிற்கும் அரசே நல்ல விளைவை எட்டும். ஏனெனில் அரசு கடைசியில் இறங்கிவரும் என்று மக்கள் அறிந்துவிட்டால் அதை எதிர்பார்த்தே நடப்பார்கள். கடன் தள்ளுபடி பற்றி வகுப்பில் விவாதிக்கும்போது இதை மேற்கோள் காட்டுவேன். எங்கள் வீட்டில் நானே அந்த அரசானேன். காலையில் நான் நிற்பேன். மாலையில் என் மனைவி 'பாவம், குழந்தை' என்று அதன் பின்னால் போவார். நிதியமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் எதிரெதிரே இழுத்த கதைதான். பேத்தி வந்து இருவரையும் உட்காரவைத்து, கயிறு இறுகினால் யாராயிருந்தாலும் நிற்க வேண்டும் என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய பிறகே நிலைமை சீரானது.

இவ்வளவு பெயர்களைச் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எனக்கு முதலில் தெளிவாகச் சொன்னவர் எவருடைய நூலையும் படித்தவரல்லர். மேச்சேரிப் பக்கம் எங்கள் உறவினர் தோட்டத்தில் மாடு கட்டும் முதியவர், என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். 'ஏனுங்க, புதுக் காளையை வண்டிக்குப் பழக்கறப்ப இழுத்தா வருமுங்களா? நாம இழுத்தா அதும் இழுக்கும். கயித்தை விட்டுப் பிடிக்கோணும். அது நம்ம பக்கம் வந்தா இளக்கணும், போனா நிக்கோணும். அவ்வளவுதானுங்க' என்றார். புதுக் காளையைப் பழகிய காளையுடன் சேர்த்துப் பூட்டுவது, முதலில் வெறும் நுகத்தடி, பிறகு வெறும் வண்டி, பிறகே பாரம் என்று படிப்படியாகப் போவது என அவர் விவரித்தவை, கழுத்துப்பட்டை, இழுபடும் கயிறு, கையில் கயிறு என்ற வரிசைதான். கொங்குச் சீமையில் தும்பு, தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு, பிடிகயிறு என்று கயிற்றுக்கே இத்தனை பெயர் வைத்திருக்கிறோம். மாட்டுக்கு இருந்த அந்தக் கலை நாய்க்கு வராமல் போனதற்குக் காரணம், நம் ஊர் நாய் அண்மைக்காலம்வரை கட்டப்படாமலேயே தோட்டத்தில் திரிந்ததுதான். மதில் சுவர் எழுந்த பின்னர் நாயைக் கட்டினோம். நடத்தும் கலையை மட்டும் கொண்டுவரவில்லை.

நான்கு மாதம் நிறைந்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட பின் பொட்டு தெருவில் இறங்கியது. மேலைநாட்டு நூல்கள் நமக்கு உதவாத இடம் இதுவே. அங்கே நடைபாதை உண்டு, தெருநாய் இல்லை. இங்கே நடைபாதை இல்லை, முனைக்கு முனை நாய்க் கூட்டம் உண்டு. நம் குட்டியை நோக்கி இரண்டு நாய்கள் வரும்போது நாம் பதறிக் கயிற்றைச் சுருட்டி இழுப்போம். கயிற்றின் வழியே அந்தப் பதற்றம் குட்டிக்குப் போகிறது. முன்னங்கால் தூக்கி, மார்பு நிமிர்ந்து, சண்டைக்கு நிற்பதுபோன்ற தோற்றம் அதற்கு வந்துவிடுகிறது. எதிர் நாய்களும் அதையே படிக்கின்றன. கயிற்றைத் தளர்வாகவே வைத்து, அவற்றை நேருக்கு நேர் பார்க்காமல், வளைந்து திரும்பி வந்த வழியே நடப்பது பெரும்பாலும் போதும். நான் ஒரு குடையையும் எடுத்துச் செல்கிறேன். இதுவரை அடிக்க வேண்டி வந்ததில்லை, விரித்தாலே விலகுகின்றன. எந்த முனையில் எந்தக் கூட்டம் எந்நேரம் படுத்திருக்கும் என்பதை ஒரு வாரம் தனியாக நடந்து பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன்.

வெயிலும் நம் ஊர்ச் சிக்கல்தான். பங்குனி, சித்திரையில் சேலம், நாமக்கல் சமவெளியில் வெப்பம் நாற்பது பாகையைத் தொடும். தார்ச்சாலையோ அதற்கும் மேல் கொதிக்கும். செருப்பணிந்த நமக்கு அது தெரிவதில்லை. புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. காலை ஆறரைக்குள்ளும் இரவு எட்டுக்குப் பின்னும் என்று நடையைப் பிரித்துக்கொண்டேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு சரிவு வந்தது. கற்ற அனைத்தையும் மறந்ததுபோல் பொட்டு மீண்டும் இழுக்கத் தொடங்கியது. அது விடலைப் பருவம். பலர் இந்தக் கட்டத்தில்தான் பயிற்சி பயனற்றது என்று முடிவுகட்டிச் சங்கிலிக்குத் திரும்புகிறார்கள். மொட்டைமாடிக்குத் திரும்பி முதல் பாடத்திலிருந்து மூன்று வாரம் மீண்டும் நடத்தினோம்; பழைய பாடம் இரண்டாம் முறை விரைவாகவே ஏறியது. கருத்தடையும் அதையொட்டிச் செய்தோம்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் வலியுறுத்தப்படுகின்றன. நல்லதே. ஆனால் உரிமம் தரும் நாளில், அந்த மனிதருக்கு அரை மணி நேரம் கயிறு பிடிக்கக் கற்றுத்தர ஒருவரை நியமித்தால் என்ன? சேலத்திலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன, நாமக்கல்லில் மாணவர்கள் நிறைந்த கல்லூரியே இருக்கிறது. தடுப்பூசிக்கு வரும் குட்டியையும் அதன் உரிமையாளரையும் வளாகத்தில் பத்து முறை நடக்கவைத்து அனுப்பப் பெரிய செலவில்லை. கடித்த பின் ஊசிக்கு அரசு செய்யும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட என்னைப் போன்ற ஓய்வுபெற்றோர் ஊதியமின்றியே முன்வருவர்.

பொட்டுக்கு இப்போது பத்து மாதம். கயிறு பெரும்பாலும் தளர்ந்தே தொங்குகிறது. வயதானவரோ குழந்தையோ எதிரே வந்தால் கயிற்றைக் குறுக்கிச் சாலையோரம் நகர்ந்து, 'உட்கார்' என்பேன், உட்காரும். நாயைக் கண்டு அஞ்சுபவரிடம் 'ஒன்றும் செய்யாது' என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். அவர் கடந்து போகும்வரை காத்திருப்பதே அவருக்குப் போதுமான பதில்.

சென்ற வாரம் காலை ஆறு மணியளவில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் எதிரே வந்தார். அன்று பால் ஊற்ற வந்த சிறுவன்தான், இருபத்தேழு வயதாகிறது. என்னைப் பார்த்து, 'நல்லா இருக்கீங்களா சார்?' என்று கேட்டவர், பொட்டுவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாலையின் மறுபுறம் போனார். நான் கயிற்றைக் குறுக்கிப் பிடித்தேன். பொட்டு என் இடக்காலருகே உட்கார்ந்தது. அவர் வீதி முனையில் திரும்பி மறையும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.